கயிற்றை இழுத்தால் வருவார்கள்

சாப்பாடு நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. அந்த ஹோட்டலைப் பற்றி இனி யார் வாய்க்கு வந்தபடி பேசினாலும், சாப்பாட்டைக் குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூப் ஆவி பறக்க வந்தது. ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பிரித்தால் உள்ளே சூடு அப்படியே இருந்தது. மீனில் ஒரு முள் இல்லை. அக்கா செத்த கதையைக் கேட்டால் இவள் சாப்பாட்டுக் கதை சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே கதைதான். பொறுமையாகக் கேளுங்கள்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, நரைத்த மீசைக்காரர், அங்கே பரிமாறுகிறவர், அவரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மாடி அறையில் அக்கா மூச்சுக்குத் தவித்து மணியை அடித்தாள், கீழே அது அவர் காதில் விழுந்தது, அவர் போய்ப் பார்க்கவில்லை, அதனால் அக்கா போய்விட்டாள். இதுதானே அவர் மேல் இருக்கும் குற்றம்? அவர் தன் பக்கத்துக்கு ஒன்று சொன்னார். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். அழுதுகொண்டிருக்கும் தங்கையை நம்புவதா, வேலையில் கோட்டைவிட்ட ஆளை நம்புவதா என்று வந்தால் யாராக இருந்தாலும் என்னைத்தான் நம்புவார்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அக்கா பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் அதே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். அம்மா போனபோது எனக்குப் பால் பல்கூட விழவில்லை. அக்காதான் தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டினாள், பள்ளியில் சேர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "ஏற்கெனவே ஒண்ணை வளத்துட்டேன், போதும்டா சாமி" என்று சிரித்துத் தட்டிவிட்டாள். அந்த ஒன்று நான். இதையும் நான் மறைக்கப் போவதில்லை. அவள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் நான் அவளுக்குச் செய்ததை மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது.

அவள் ஓய்வு பெற்றபோது பள்ளியில் அவளுடைய மேசை மணியையே ஞாபகமாகக் கொடுத்தார்கள். உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று கேட்குமே, அது. அந்த மணியால்தான் பள்ளியில் ப்யூனைக் கூப்பிடுவாள். ப்யூன் பள்ளியிலேயே தங்கிவிட்டார், மணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச வருஷத்தில் அவளுக்கு இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, கட்டிலிலிருந்து யாராவது தூக்கி நிறுத்தினால்தான், நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடமாட்டம் என்று ஆனது. இளைப்பு அதற்கு முன்பே உண்டு. தூசி, புகை, பூ வாசனை, எதுவும் ஆகாது. நெஞ்சு இறுக்கிக்கொண்டால் வாயில் வைத்து அழுத்திக்கொள்ளும் அந்த இன்ஹேலர் உடனே கைக்குக் கிடைக்க வேண்டும். அவள் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள் என்று அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். மணி அடிப்பாள், நான் ஓடுவேன், அழுத்துவேன், முதுகைத் தடவுவேன். சீக்கிரமே முகம் தெளிந்துவிடும். "தப்பிச்சேன்டி" என்பாள்.

இளைப்புக்கு மட்டும் அடித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது, டிங். ஜன்னல் மூடியிருக்கிறது, டிங். வாசலில் போவது யாரு, டிங். எதற்கோ கூப்பிட்டேன், எதற்கென்று மறந்துவிட்டது, டிங். அவளுக்கென்று ஒரு தாளம் உண்டு: இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. டிங் டிங், டிங். தையல் மிஷினில் ஒரு பாவாடையின் விளிம்பை ஒரே ஓட்டத்தில் தைத்து நான் முடித்ததே கிடையாது. பாதியில் எழுந்து போய்வந்தால் தையல் கோணிக்கொள்ளும். பிரித்துத் தைப்பேன். பிரித்துத் தைப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

சாப்பாடும் அப்படித்தான். தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு என் ஞாபகம் வரும். முதல் கவளம் வாய்க்குப் போகும், டிங் டிங், டிங். "இதோ வர்றேன்க்கா" என்று எழுந்திருப்பேன். திரும்பி வந்தால் ஆறிப்போயிருக்கும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, ஐயா. வேண்டுமென்று செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அவளும் நிறுத்தியிருப்பாள். பிரியமாகத்தான் கூப்பிட்டாள். பிரியமாகக் கூப்பிடுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பட்டன் கடைக்காரர் ஒருவர் இருந்தார். சட்டைகளுக்குப் பட்டன் அவரிடம்தான் வாங்குவேன். மனைவி இல்லாதவர். ஒருநாள் வீட்டுக்கே வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, காபியை ஆற்றி ஆற்றி, கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். டிங் டிங், டிங். "இதோ வர்றேன்" என்று உள்ளே போனேன். அக்காவுக்குக் காலில் சாக்ஸ் இறுக்கமாக இருந்ததாம். கழற்றி வேறு மாட்டிவிட்டு வந்தால் கூடத்தில் டம்ளர் மட்டும் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "கேக்க வந்தவன் கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்குக்கூடத் துப்பில்லையா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போதும் அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அவர் அப்புறம் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.

ஹோட்டலுக்குப் போனது எங்கள் யோசனை இல்லை. அக்காவின் பழைய மாணவிகள் சேர்ந்து, டீச்சர் ஒருமுறையாவது ராணி மாதிரி இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில், ஒரு காலத்துப் பிரபுக்கள் வாழ்ந்த மாளிகை அது. வாசலில் கல் சிங்கங்கள், அதற்கப்புறம் மரங்களுக்கு நடுவே நீளமான பாதை. குதிரை லாயத்தை உடம்பு பிடித்துவிடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். சுவரெல்லாம் செத்துப்போனவர்களின் படம். அழைப்பில் 'தலைமை ஆசிரியை அம்மாவும் உடன் வரும் ஒருவரும்' என்று இருந்தது. உடன் வரும் ஒருவர் நான்.

வரவேற்பில் இருந்த பெண் அக்காவிடம்தான் குனிந்து கேட்டாள். "கூட வந்திருக்கறவங்க உங்க நர்ஸாம்மா?"

"நர்ஸெல்லாம் இல்ல. ஆனா கூப்பிட்டா வருவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவுக்கு நல்ல நகைச்சுவை உண்டு.

எங்களுக்குக் கொடுத்தது மாடியில் 'பெரிய சீமாட்டி அறை'. நாலு பக்கமும் தூண் வைத்த கட்டில், பெரிய கணப்பு அடுப்பு, தலைமாட்டில் குஞ்சலம் வைத்த சிவப்புப் பட்டுக் கயிறு. பெட்டியைப் பிரித்தபோது அக்கா மேசை மணியைத் தேடினாள். நான் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். "போச்சுடா, இனி நான் தொண்டை கிழியக் கத்தணுமா" என்றாள். அறைக்கு ஒத்தாசை செய்யும் பெண் கட்டிலருகில் இருந்த போனைக் காட்டினாள். பூஜ்யத்தை அழுத்தினால் கீழே எடுப்பார்களாம். அக்காவுக்கு நிம்மதி.

மத்தியானம் அவள் படுத்திருந்தபோது, மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நானும் மற்ற விருந்தினர்களோடு போனேன். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில், சுவரில் வரிசையாக மணிகள். ஒவ்வொன்றும் சுருள் கம்பியில் தொங்குகிறது, கீழே அறையின் பெயர். சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள்: "அந்தக் காலத்துல மேல கயித்த இழுத்தா இங்க மணி அடிக்கும், வேலைக்காரங்க விழுந்தடிச்சு ஓடுவாங்க."

"இப்பவும் அடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அடிக்கும் சார். ஆனா யாரும் போக மாட்டோம். வர்ற குழந்தைங்க எல்லாம் பொழுதன்னைக்கும் இழுத்து விளையாடுதுங்க. அதுக்கெல்லாம் ஓடினா அடுப்புல இருக்கறது தீஞ்சுடும். சும்மா அழகுக்குத்தான். எது வேணும்னாலும் போன் பண்ணுங்க."

எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. நான் முன்வரிசையில் நின்றிருந்தேன்.

முதல்நாள் சாயங்காலம் அக்காவுக்கு அறையிலேயே கஞ்சி போல எதையோ கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் கீழே போனேன். வெள்ளைத் துணி விரித்த மேசை, எனக்கென்று ஒருத்திக்கு. சூப் வந்தது. கரண்டியை எடுத்தேன். மீசைக்காரர் காதருகே குனிந்தார். "அம்மா, மேலேருந்து உங்களுக்கு போன்." திரைச்சீலையை இழுத்துவிட வேண்டுமாம். இழுத்துவிட்டு வந்தேன். மீன் வந்தது. மறுபடியும் போன். எடுத்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. மீன் எப்படியிருக்கு?"

"இன்னும் வாயில வைக்கல."

"வச்சுட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

வைத்துவிட்டுச் சொன்னேன். அப்புறம் தலையணை, அப்புறம் தண்ணீர். கடைசியாக நான் இறங்கி வந்தபோது கூடம் காலி. மீசைக்காரர் என் தட்டை மூடி போட்டுக் காத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆறித்தான் போயிருந்தது. அவருக்கே மனசு கேட்கவில்லை போல. "நாளைக்கு நிதானமா உக்காந்து சாப்பிடுங்கம்மா. எல்லாம் சூடா வரும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னது கிடையாது. மேலே போய்ப் படுத்தபின்னும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை, ஐயா. வீடு வேண்டும், நகை வேண்டும், தனியாக வாழ வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரே ஒரு வேளை, சூப் முதல் கேக் வரை, நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. ரொம்ப அதிகமா?

மறுநாள் காலையில் அக்கா, போனில் சின்னதாக எரியும் சிவப்பு விளக்கு ராத்திரி பூரா கண்ணைக் குத்தியது என்றாள். எடுத்து ஜன்னலோரத்து மேசையில் வைத்தேன். அவள் சொல்லித்தான் வைத்தேன். மத்தியானம் ஏரிக்கரை வரை அவளை மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். சந்தோஷமாக இருந்தாள். வாத்துகளுக்கு ரொட்டி போட்டாள். ஒரு வாத்து வரிசையை விட்டு முந்திக்கொண்டு வந்தபோது, "ஏய், லைன்ல வா" என்று அதட்டினாள், பழைய தலைமை ஆசிரியைக் குரலில். அது நிஜமாகவே ஒதுங்கியது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, அவளுக்கு லேசாக இளைத்தது. இன்ஹேலரை அழுத்தினேன். சரியாகிவிட்டது. நான் அன்று அவளைப் பார்த்துக்கொண்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏரிக்காற்றுக்கு அவளுக்கு உடம்பு நடுங்கியது. அறைக்கு வந்ததும், "குளுருதுடி" என்றாள். நான் கணப்பு மூட்டச் சொன்னேன். விறகோடு வந்த பெண் கெட்டிக்காரி, அக்காவின் நடைச் சட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அம்மாவுக்கு இளைப்பு ஏதாச்சும் உண்டாங்க? பழைய புகைபோக்கி. காத்து திரும்புச்சுன்னா கொஞ்சம் புகை உள்ள வரும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மூட்டுங்க" என்றேன்.

அக்காவுக்குக் குளிராக இருந்தது, ஐயா. புகை வராமலும் இருந்திருக்கலாம். வந்தாலும் கொஞ்சம்தான் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். ஆனால் நான் சொன்னது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பயந்துவிடுவாள், மெதுவாகக் கேளுங்கள்.

சாயங்காலம் நான் இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்கா படுத்தபடியே கேட்டாள். "போனை அங்க கொண்டு வச்சுட்டியே, நான் எப்படிடி கூப்பிடறது?"

மேசைக்குப் போனால் எடுத்து வந்திருக்கலாம். எடுத்துவரத்தான் திரும்பினேன். அப்போது கயிறு கண்ணில் பட்டது.

"இந்தக் கயித்த இழுக்கா. கீழ மணி அடிக்கும்."

"வருவாங்களா?"

"இழுத்தா வருவாங்க. அதுக்குத்தானே வச்சிருக்கு."

"நீ?"

"நான் கீழதானே இருக்கப்போறேன். எனக்கும் கேக்கும்."

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் இழுத்தாள். "நம்ம ஓட்டை மணிக்கு இது எவ்வளவோ தேவலாம்டி. நிஜமாவே சீமாட்டி ஆயிட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "யாரும் வரலையே?" என்றாள்.

"நான் பக்கத்துல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும்க்கா."

நம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவள். என் பொய்யைப் பிடிக்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டேன். அதில்தான் இன்ஹேலர் இருந்தது. ஞாபகம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. கதவைத் திறந்து, "போறேன்க்கா" என்றேன்.

"போறேன்னு சொல்லாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கேன்? வர்றேன்னு சொல்லு."

சின்ன வயசிலிருந்தே அவள் விட மாட்டாள். பள்ளிக்குப் போகும்போது, கடைக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுக்குப் போகும்போதுகூட, வாசலில் நிறுத்தி வைத்துத் திருத்துவாள். போகிறவர்கள் 'வர்றேன்' என்று சொன்னால்தான் திரும்பி வருவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது சொல்ல மறந்துவிட்டாளாம்.

"வர்றேன்" என்றேன். கதவைச் சாத்தினேன்.

கூடத்தில் நடைக்குப் பக்கத்து மேசையை நானே கேட்டு வாங்கினேன். அங்கிருந்து ஆடும் கதவு திறக்கும்போதெல்லாம் மணி வரிசை தெரியும். ஏன் அங்கே உட்கார்ந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மணி அடித்தால் உடனே எழுந்து போகலாமே என்றுதான் என்று முதலில் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அப்படியும் இருக்கலாம்.

சூப்பை முழுசாகக் குடித்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரு பூ வரைந்திருந்தது. அதைப் பார்க்கும் வரை குடித்தேன். மீன் வந்தது. பாதி சாப்பிட்டிருப்பேன், நடையில் மணி அடித்தது. டிங் டிங், டிங்.

மீசைக்காரர் சிரித்தார். "மேல ஏதோ வாண்டு ஆரம்பிச்சிடுச்சு போல."

"குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்றேன். நானும் சிரித்தேன்.

மறுபடி அடித்தது. அதே தாளம். திரைச்சீலைக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீனைப் பற்றிக் கேட்பதற்காக இருக்கும். மீன் நன்றாக இருந்தது. மூன்றாவது முறை அடித்தபோது தாளம் இல்லை. விட்டுவிட்டு, கோணலாக, வேகமாக அடித்தது. நான் தைத்த தையல் கோணினால் எனக்குத் தெரியாமல் போகுமா? அக்காவின் தாளம் கோணினாலும் தெரியும்.

மீசைக்காரர் ஆடும் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அம்மா, அடிக்கறது பெரிய சீமாட்டி அறை மணி. உங்க அக்காவோடதில்ல? நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

இதைத்தான் அவர் உங்களிடம் சொன்னார். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னார். நீங்கள் என்னைக் கேட்டபோது, 'அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை' என்றேன். கேட்டார், ஐயா. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காலை மாடிப்படிப் பக்கம் திருப்பி நின்றபடியே கேட்டார். போகத் தயாராகத்தான் நின்றார்.

"அக்கா அப்பவே தூங்கிட்டாங்க. ஜன்னல் திறந்திருக்கு, காத்துல கயிறு ஆடுது. போய் எழுப்பிடாதீங்க, பாவம்" என்றேன்.

பாவம் என்றும் சொன்னேன். அந்த வார்த்தைதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது.

அவர் தலையாட்டிவிட்டுக் கேக் எடுத்துவரப் போனார். ஆப்பிள் வைத்துச் சுட்டது, சூடாக, மேலே க்ரீம் ஊற்றி. முதல் துண்டை வாயில் வைத்தபோது மணி இன்னொருமுறை அடித்தது. ஒரே ஒரு தட்டு, மெதுவாக. வாய் பழக்கத்தில், "இதோ வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டது. சத்தமாக இல்லை. உதடு அசைந்தது. கால் எழுந்திருக்கவில்லை.

மீசைக்காரர் திரும்பினார். "என்னம்மா, ஏதாச்சும் வேணுமா?"

"இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊத்துங்க" என்றேன்.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

மேலே போனபோது அறை முழுக்க நீலமாகப் புகை நின்றது. அக்கா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, கதவைப் பார்த்தபடி கிடந்தாள். கயிறு மேலே கொக்கியிலிருந்து அறுந்து வந்து அவள் கையில் இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன்க்கா" என்றேன். கைப்பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தவும் செய்தேன். முதுகைத் தடவினேன். எல்லாவற்றையும் எப்போதும் போல ஒழுங்காகச் செய்தேன். அப்புறம்தான் கத்தினேன். அந்த அழுகை நடிப்பில்லை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

எனக்குச் சின்ன வயசில் இருட்டு என்றால் பயம். விழிப்பு வந்தால் "அக்கா" என்பேன். அடுத்த அறையிலிருந்து, விடிந்தால் பரீட்சைத்தாள் திருத்த வேண்டியவள், "இதோ வந்துட்டேன்டி" என்று வருவாள். நான் கூப்பிட்டு அவள் வராமல் இருந்தது ஒருநாளும் கிடையாது. 'இதோ வர்றேன்' என்ற வார்த்தையையே நான் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

திட்டம் போட்டுச் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். எல்லாம் அந்தந்த நேரத்தில் தானாக அமைந்தது, நான் வெறுமனே எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் அக்காவின் மேசை மணியை நான் மறந்துவிட்டு வரவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அதை ஒரு துணியில் சுற்றி, தையல் மிஷின் இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். நாக்கு அசைந்து சத்தம் வரக் கூடாதென்று நடுவில் பஞ்சு வைத்தேன். அப்போது கயிறும் தெரியாது, கணப்பும் தெரியாது. போய்ப் பாருங்கள், அங்கேயேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்று ஏன் வந்தாய் என்றால், நேற்று நீங்கள் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது வந்தேனே, அப்போது மீசைக்காரர் இதே பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கூடத்தில் நிற்பது மாதிரியே. அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான். என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பேன், வாயும் திறந்திருக்க மாட்டேன். அவர் கேட்டது இதுதான்: "சாப்பிட்டீங்களாம்மா?"

நான் அவரைத் தாண்டி உள்ளே வந்து கையெழுத்துப் போட்டேன். அவரை அனுப்பும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டேன். மணி நின்றுபோன பிறகும் உட்கார்ந்து, தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல், நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் சொன்ன மாதிரியே எல்லாம் சூடாக இருந்தது.